நனையாத துணி

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் காப்பகமான கிரஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் மாரீஸ்வரி அக்கா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளில் எது அழும், எது அழாமலே நனைக்கும் என்று அவருக்குத் தெரியும். துணி அலசியே விரல் வெளுத்தவர்.

மழை விட்டதும், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மணிகண்டனின் பையனுக்குக் காய்ச்சல். கை கால்களில் கொப்புளம். அம்மை என்று லயமே முடிவு செய்தது. அக்கா போய் வாசலில் வேப்பிலை கட்டி, ஒரு கொத்தால் பையனை வருடிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கு வராமலிருக்க அதே கொத்தைக் கிரஷுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு தொட்டிலாக வருடினார். சிவசங்கரியின் கைக்குழந்தை கிருத்திகா இலையைப் பிடித்துச் சப்பியது.

"ஆத்தாளையே தின்னுருவா போலிருக்கே!" அக்கா சிரித்தார்.

அடுத்த வாரம் கிருத்திகாவின் வாயெல்லாம் புண். அந்த வாசலிலும் அக்காதான் வேப்பிலை கட்டினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கூடாது, பிள்ளை படி தாண்டக் கூடாது என்றார் சிவசங்கரியின் மாமியார் சாந்தம்மாள்.

மறுநாள் அலசிக் கொடுக்க அழுக்குத் துணி வாங்கப் போன அக்கா, பிள்ளையின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"எப்பம் மாத்துன?"

"நேத்து ராத்திரிக்கா. பாலும் குடிக்க மாட்டேங்கு. வாய வச்சா அலறுவா. இப்பம் அலறக்கூட இல்ல."

குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன.

"பிள்ளையத் தூக்கு. ஆசுபத்திரிக்குப் போவோம்."

சாந்தம்மாள் வாசலை மறித்தார். "கொப்பு கட்டுனவளே நீதானடி! ஆத்தா கண்ணக் குத்திருவா."

"என் கண்ணத்தான மதினி? குத்தட்டும்." அக்கா தான் கட்டியதைத் தானே பிய்த்தெறிந்தார்.

ஜீப்பில் மலை இறங்கி முடியும்வரை குழந்தை முனகவில்லை. ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். இது அம்மை இல்லை, தக்காளிக் காய்ச்சல் என்றார் டாக்டர். வைரஸால் வருவது; எச்சில், கொப்புள நீர், மலம் பட்ட கையாலும் பொருளாலும் பரவும், பெரும்பாலும் தானே ஆறிவிடும், தொண்டையில் தண்ணீர் இறங்காவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து.

"வேப்பங்கொத்து வழியா வருமா, சார்?"

"நோயுள்ள பிள்ளையைத் தொட்டதை வேறு பிள்ளையிடம் கொண்டுபோனால் வரும்."

அக்கா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் துணி நனைந்தது. சிவசங்கரி ஈரத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அக்கா பிள்ளையைத் தொடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே நின்றார்.

லயத்துக்குத் திரும்பியபோது இன்னும் மூன்று வாசல்களில் வேப்பிலை. எந்தெந்தத் தொட்டில்கள் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் கதவைத் தட்டினார்.