எஃப் கட்டையின் கோடு

என்னுடையது காதும் விரலும் மட்டும் செய்கிற வேலை. எங்கோ வெளிநாட்டில் ஒரு மருத்துவர் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை, மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டு அறையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்து, காக்கநாட்டு அலுவலகத்துக்கு அனுப்புவேன். பதினெட்டு வருடம் ஆகிறது. கீபோர்டைக் குனிந்து பார்த்து அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

போன மழைக்காலத்தில் அந்தத் திமிர் அடங்கியது. ஒரு மத்தியானம் முழுப் பக்கம் அடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், திரையில் இருந்தது நான் அடித்ததே இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் பாதி எழுத்து என்னுடையது. மீதியை வேறு யாரோ இடையில் புகுந்து போட்டதுபோல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

அதே வாரம் இன்னும் இரண்டு முறை அப்படி ஆனது. இன்னொரு கோப்பு இப்படி வந்தால் இனி வேலை அனுப்ப முடியாது என்று மேற்பார்வையாளர் மரியாதையாகச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது. பயந்துபோனேன்.

கீபோர்டில் இடது கை ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். சுட்டுவிரல்கள் தடவி இடம் பிடிக்க எஃப், ஜே இரண்டு கட்டைகளின் மூடியிலும் சின்ன மேடு இருக்கும். அது தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். மூடிகளைக் கழற்றி, துணிக் கிளிப்பில் கவ்வ வைத்து, முக்கோண அரத்தால் மூடிக்கொரு கோடு ராவினேன். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டினேன்.

ஜே கோடு நன்றாகத் தட்டுப்பட்டது. எஃப் வழவழவென்று இருந்தது. கண்ணுக்குக் கோடு தெரிகிறது. வலது கை நகத்தால் கீறினால் தடுக்கிறது. இடது சுட்டுவிரலை வைத்தால் இல்லை. கோடு போதவில்லை என்று மறுபடி கழற்றி ஆழமாக ராவினேன். மறுநாள் காலையில் அதுவும் இல்லை. ஒரே அரம், ஒரே பிளாஸ்டிக். நான் எழுந்து போனதும் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்து இந்த ஒரு கட்டையை மட்டும் நக்கி மழுங்கடிக்கிறது என்று தோன்றியது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் கீபோர்டைத் துண்டால் மூடிவைத்தேன்.

நான்காம் நாள் உப்புத்தாளை விட்டுவிட்டேன். பிசிர் இருந்தால் இன்னும் நன்றாகத் தட்டுப்படும் என்று கணக்கு. அன்று ஒரு கோப்பை முடித்துக் கண்ணைத் திறந்தபோது எஃப் மேல் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. துடைத்தேன். அடுத்த கோப்பு முடிந்தபோது பக்கத்துக் கட்டைகளிலும் இருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

சாயாவோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். "ரத்தமாக்கும் இது" என்றாள். எஃப் மேல் விரலை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "யா அல்லா, பிளேடு போல இருக்கே! இதிலயா தட்டிட்டு இருக்கீங்க?"

"பிளேடா? அதுல ஒண்ணுமே இல்லடி. அதானே என் தொல்லை."

அவள் என் இடது கையைப் புரட்டினாள். சுட்டுவிரல் நுனி கீறல் கீறலாகக் கிழிந்திருந்தது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் நான் அதைப் பார்த்தேன்.

"வலிக்கலியா?"

"இல்ல."

"அந்தப் பக்கம், ஜன்னலைப் பாருங்க. நான் தொட்டா சொல்லணும்."

கீழே கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டை அவள் பிடித்திருந்த சூடு தெரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. கோப்பு காத்திருக்கிறது, இவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

"சரி, தொடேன். எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருக்கிறது?"

திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய நகம் என் விரல் நுனியில், தோல் வெளுக்கும்வரை அழுந்தியிருந்தது.