பதினேழாம் அத்தியாயம்

சிவபூரணம் டீச்சர் திருவனந்தபுரம் கரமனையில் பகவதிப்பெருமாள் வீட்டு மாடிக்குக் குடிவந்தது 1983 செப்டம்பரில். கொழும்பில் அவருடைய வீடு எரிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வயது நாற்பத்திரண்டு, மணமாகவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் கற்பித்தபடியே இரண்டு நாவல்கள் எழுதி வெளியிட்டிருந்தார். வெளிநாட்டவர் என்பதால் மாதம் ஒருமுறை போலீஸ் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தார். மீதி நேரமெல்லாம் மூன்றாவது நாவல்.

வீட்டுக்காரி கோமதியம்மாளுக்கு டீச்சரின் பேச்சு வேடிக்கையாக இருந்தது.

“நான் பறைஞ்சது விளங்கேல்லையோ?” என்று டீச்சர் ஒருநாள் கேட்டதும் கோமதியம்மாள் கைகொட்டிச் சிரித்தார்.

“வந்து ரெண்டு மாசம் முழுசா தெகயல்ல, டீச்சர் மலையாளம் பறைய படிச்சாச்சே!”

“இது மலையாளமில்லை அம்மா. எங்கட ஊர்த் தமிழ்.”

“அப்போ ரெண்டும் ஒண்ணுதான், கேட்டேளா!”

அடுத்த பிப்ரவரியில் நாவலைச் சென்னையிலிருந்த பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். இலங்கைக் கதைகளுக்கு இப்போது நல்ல கிராக்கி, பேச்சை மட்டும் கொஞ்சம் நம் தமிழாக மாற்றிக் கொடுங்கள் என்று பதில் வந்தது. ‘நம் தமிழ்’ என்ற சொல் டீச்சரை இரண்டு நாள் வாட்டியது. ஒரு வரியையும் மாற்றாமல், அடிக்குறிப்பு மட்டும் எழுதி அனுப்பினார்.

அந்த நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு தபால்காரர் சைக்கிளில் மணியடித்தபடி வருகிறார். போலீஸ் நிலையத்துக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அது அவர் வேலை. இயக்கத்துப் பொடியன்கள் அவரை உளவாளி என்று சொல்லி விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுடுகிறார்கள். டீச்சரின் சொந்த ஊரில் அப்படிச் செத்த தபால்காரர் ஒருவரை அவருக்குத் தெரியும்.

ஏப்ரலில் ஒரு மாலை, ட்யூஷன் பிள்ளைகள் போன பிறகு, இரண்டு இளைஞர்கள் மாடியேறி வந்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். தேத்தண்ணீர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள்.

“டீச்சர் நாவல் எழுதியிருக்கிறியள்” என்றான் கண்ணாடி போட்டவன்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. வாசிச்சனாங்கள்.”

கையெழுத்துப் பிரதி சென்னையில் அல்லவா இருக்கிறது?

“பதினேழாம் அத்தியாயம் நல்லா வந்திருக்கு. எனக்கு அழுகை வந்திட்டுது. வாசிக்கிற எல்லாருக்கும் வரும். அதாலதான் அது வேண்டாம்.” அவன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். “உங்கட தம்பியார் ஊரிலதானே இருக்கிறார்? சின்னப் பிள்ளையள் ரெண்டு, என்ன?”

பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். கோமதியம்மாள் கீழிருந்து, “ஆரு டீச்சர், சொந்தக்காரங்களா?” என்று கேட்டார். “ஓம்” என்றார் டீச்சர்.

அதன்பின் அவர் வேறு ஆளாகிப்போனார். கொழும்பில் கும்பல் தெருவில் வந்தபோது, தமிழ்ப் பேச்சு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர். இப்போது ஆரியசாலைக் கடைகளில் தன் ஊர்த் தமிழ் காதில் விழுந்தாலே அடுத்த கடைக்கு நழுவினார். கடைக்காரர்களிடம் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் பேசினார். மாடிப்படியில் காலடி கேட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போலீசில் சொல்லலாம், ஆனால் அவர்கள் அந்நியரான தன்னையே முதலில் குடைவார்கள். தம்பிக்கு எழுதலாம், கடிதத்தை யார் யார் பிரிப்பார்களோ.

கடைசியில், ‘பதினேழாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்’ என்று பதிப்பகத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனார். அங்கே காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் ஒருவர் குந்தியிருந்து பெட்டியைத் திறந்து கடிதங்களை அள்ளிக்கொண்டிருந்தார். “இங்ஙோட்டு தந்நோளூ” என்று கையை நீட்டினார். டீச்சரால் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

செப்டம்பரில் புத்தகம் வந்தது. நின்றபடியே புரட்டினார். பதினேழாம் அத்தியாயம் இல்லை. அவர் பதினெட்டு என்று எழுதியது பதினேழாக அச்சாகியிருந்தது. ‘நீளம் கருதிச் சில பக்கங்களை நீக்கியுள்ளோம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு. தரையில் உட்கார்ந்தார். மனதில் முதலில் எழுந்தது நிம்மதி. அன்று வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. யார் பேச்சைக் கேட்டு நீக்கினார்கள் என்று பதிப்பகத்தைக் கேட்டு எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவும் பயம்.

1988இல் தம்பி குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. அந்த வாரமே டீச்சர் தன்னிடமிருந்த பதினேழாம் அத்தியாயத்தின் கார்பன் பிரதியை எடுத்துக்கொண்டு சாலை பஜாருக்குப் பின்னாலிருந்த ஒரு சிறு அச்சகத்துக்குப் போனார். இருபத்திரண்டு பக்கம், நூறு பிரதி. தன் பெயரையே போட்டார். இனி அவர் பயப்பட வேண்டியது தனக்காக மட்டும்தான். ஒரு பிரதியை ஊரிலிருந்த அந்தத் தபால்காரரின் மனைவிக்கு, கொழும்புக்குப் போகும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைப் பிரிக்க டீச்சருக்கு ஒரு பகல் முழுவதும் தைரியம் வரவில்லை. உள்ளே பென்சிலால் நாலே வரி.

‘டீச்சர், வாசிச்சனான். மகனுக்கும் வாசிக்கக் குடுத்தனான். அவரின்ர சைக்கிளுக்கு மணி இருக்கேல்லை. மற்றதெல்லாம் சரி.’