மூன்றாம் தண்ணீரும் என் நீட் தேர்வும்

"ஒங் கைய எவன்டி வாயில வுட்டுக்குவான்?"

பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னதற்குக் கன்னியம்மா பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவர்கள் நிலத்தில்தான் என் அம்மா நடவு நடுகிறார். வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பதிலைத் தேர்வில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நீட் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு அம்மை போட்டது. உத்திரமேரூர் பக்கம் சித்திரை வெயிலில் இது புதிதல்ல. ஆனால் எனக்கு இமையெல்லாம் கொப்புளம். கண் திறக்க முடியவில்லை. விலங்கியலில் பாதியை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. அம்மா புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.

"கண்ணு போய்ட்டா டாக்டராயி இன்னாடி பண்ணுவ?"

பாயில் கிடந்தபடி அழுதேன். "ஆண்டவரே, நாளைக் காலைக்குள் இதை எடுத்துப் போடும்" என்று கேட்டேன். காலையில் கொப்புளம் கூடித்தான் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மை போட்ட வீட்டிலிருந்து நடவுக்குப் போகக் கூடாது. அம்மா போகவில்லை. ஏன் ஆள் வரவில்லை என்று கேட்கக் கிளம்பிய பெரியம்மா, வழியில் விஷயம் தெரிந்து, வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் தெருவில் கால் வைத்ததே இல்லை.

அம்மா தயங்கினார். "நாங்க ஜெபம் பண்றவங்க பெரியம்மா..."

"ஒங்க சாமி எங்க சாமியெல்லாம் அப்பால பேசிக்கலாம். மொதல்ல எலயப் போட்டுப் படுக்க வையி. பொண்ணு இன்னாத்துக்கு அழுதுகினு கீது?"

"பரிச்சைக்குப் படிக்க முடியலன்னுதான்."

பெரியம்மா வேப்பிலைக் கொத்தை அம்மாவிடம் நீட்டினார். பிறகு, "எம் மருமவ அந்த ஜந்து படிப்பத்தான் காலேஜுல படிச்சிட்டு வூட்ல கீறா. அவளுக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போச்சி, பயமில்ல. அனுப்பறேன், படிச்சி சொல்லட்டும். கண்ணுதான மூடிக்கினு கீது? காது நல்லாத்தான கீது?"

"இதுவும் ஆண்டவர் படைச்ச எலதான" என்று அம்மா வேப்பிலையைப் பாயில் பரப்பினார். புத்தக மூட்டையும் பரணிலிருந்து இறங்கியது.

விலங்கியல் படித்த அந்த மருமகள், சுமதி அண்ணி, மறுநாளிலிருந்து வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து வாசிப்பார், நிறுத்திக் கேள்வி கேட்பார். கண்ணை மூடியபடியே சொல்வேன். நானாகப் படித்தபோது பிடிக்காத பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். அண்ணி ஒரு வரியைக்கூடத் தாண்ட விடவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அம்மையை எடுக்கச் சொன்னேன். ஆண்டவர் அதை விட்டுவைத்து, எந்த வீட்டைப் பார்த்து முகம் திருப்பினேனோ அந்த வீட்டிலிருந்தே எனக்குக் கண்ணை அனுப்பினார்.

அம்மை இறங்கியதும் நாள் விட்டு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தண்ணீர் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அமைந்தது. பொருக்கெல்லாம் காய்ந்துவிட்டது, போகலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் சபையார் வீட்டுக்குப் போகவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை ஜெபித்தார்கள். விலங்கியல் கேள்விகள் எனக்கு அண்ணியின் குரலிலேயே கேட்டன. பதிலும் அப்படியே வந்தது.

அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. இப்போது முதலாம் ஆண்டில் மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். முகத்தில் இரண்டு தழும்பு இருக்கிறது. பவுடர் போட்டு மறைப்பதில்லை. ஆண்டவர் என்னை விடவில்லை என்பதற்கு அவை சாட்சி.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, கேட்டது கேட்டபடி வரவில்லை என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். வாசலில் வந்து நிற்பது யார் என்று பாருங்கள். உங்களைப் பார்த்துச் சிரித்தவராகக்கூட இருக்கலாம். உள்ளே கூப்பிடுங்கள்.

போன வாரம் பெரியம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போய்ச் சீட்டுப் போட்டேன்.

"நீயாடி புடுங்கப் போற?"

"இல்ல பெரியம்மா, பெரிய டாக்டருங்க. எனக்கு இன்னும் வருசம் கீது."

"அப்ப எங் கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நில்லு."

நின்றேன்.