முள்ளக்காவின் தகர டப்பா

இறந்தவரின் தூண்டில் முள் ஆகாது என்று கடலில் வீசுகிறீர்களே, அவருடைய படகை மட்டும் ஏன் வீசுவதில்லை? பதில் உங்களுக்கே தெரியும். படகு விலை போகும். துருப்பிடித்த முள் விலை போகாது. கெட்ட நேரம் எப்போதும் மலிவான பொருளாகப் பார்த்துத்தான் குடியேறுகிறது.

முள்ளக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. துறைமுகத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையில், படகுகளுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. மேசைமேல் அரம், குறடு, மண்ணெண்ணெய்க் கிண்ணம், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். கீழே சிந்திய முட்களைக் குனிந்து பொறுக்க முதுகு ஒத்துழைக்காது. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுப்பாள்.

பழைய முள் கைக்கு வந்தால் சோறு தண்ணீர் மறந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவைத் துடைப்பாள். தலையைப் பார்ப்பாள்: இந்தக் காலத்து முள்ளுக்குக் கயிறு கோக்க ஓட்டை இருக்கும், கையால் அடித்த பழைய முள்ளுக்குத் தலை தட்டையாக இருக்கும். பிறகு அரத்தால் ஓர் உரசல். அரம் வழுக்கினால் இரும்பு விறைப்பு, பெரிய மீன் இழுத்தால் ஒடிந்துவிடும். அரம் பிடித்தால் நம்பலாம்.

கடலில் மூழ்கி இறந்த ஒருவரின் தகர டப்பா அப்படித்தான் அவளிடம் வந்தது. அவர் மனைவி கொடுத்தாள். உள்ளே இருந்த முட்களின் கூர்முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருந்தது. மீனைக் குத்தவே குத்தாது என்று எல்லோரும் சிரித்தார்கள். முள்ளக்கா ஏலக் கூடத்திலிருந்து ஒரு மீன் தலையை வாங்கி வந்து அதன் வாய்க்குள் முள்ளை விட்டு இழுத்துப் பார்த்தாள். வெடுக்கென்று இழுத்தால் வழுக்கி வெளியே வந்தது. மெதுவாக இழுத்தால் வாயோரம் போய்ப் பூட்டிக்கொண்டது.

அப்படி ஒன்றைத் தம்பியின் தூண்டிலில் கட்டிக் கொடுத்தாள்.

"மீன் கடிச்சதும் சுண்டி இழுக்காதடா. கயிறு தானா இறுகட்டும்."

"சரிக்கா, மீனுக்கு மரியாதை குடுத்தே பிடிக்கிறேன்."

ஆயுள் முழுக்கச் சுண்டி இழுத்துப் பழகிய கை அது. மறுநாள் கடலில் மீன் கடித்ததும் சுண்டிவிட்டது. மீன் தப்பியது. பறந்து வந்த முள்ளை அவன் எட்டிப் பிடிக்க, அதே நேரம் கயிறு படகின் விளிம்பில் மாட்டி இழுபட்டது. பெருவிரலின் அடிச்சதைக்குள் முள் இறங்கிப் பூட்டிக்கொண்டது. முள் தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆள்தான் மாறிப்போனான்.

அவள் மருத்துவமனைக்கு ஓடியபோது தம்பியின் வலது கை வீங்கிக் கிடந்தது. வெளியே தெரிந்தது தண்டும் தட்டைத் தலையும்தான். வாசலில் படகுக்காரர்கள் குறடோடு நின்றார்கள். ஒரே இழுப்பில் எடுத்துவிடலாமாம்.

"யாரும் தொடக்கூடாது," என்றார் மருத்துவர். "விரலை மடக்குற நரம்பு அங்கதான் ஓடுது. எதிர்முள் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியணும்."

எதிர்முள் என்பது கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதுக்கல். ஏறிய முள்ளைத் திரும்ப விடாது. வழக்கமாக அது வளைவின் உள்பக்கம் இருக்கும். அப்படியானால் தண்டை அழுத்திப் பிடித்து நூலால் இழுத்து எடுத்துவிடலாம். அந்த டப்பாவில் சிலவற்றுக்கு மட்டும் வெளிப்பக்கம் இருந்தது. இழுத்தால் நரம்பையும் சேர்த்துக் கிழிக்கும். எக்ஸ்ரே படம் எடுக்கும் எந்திரமோ பழுதாகிப் பூட்டிய அறையில் கிடந்தது. துறைமுக வாசலுக்கு அலங்கார வளைவு கட்டத் தெரிந்த அதிகாரிகளுக்கு அதைப் பழுதுபார்க்கத் தெரியவில்லை.

"அக்கா, விரல் மரத்துப்போகுது," என்றான் தம்பி.

அவள் முள்ளின் தலையை உற்றுப் பார்த்தாள். ஓரம் சாய்வாக அராவியிருந்தது. சாய்ந்த தலைக்கு எதிர்முள் எந்தப் பக்கம்? டப்பாவில் இருந்ததை அவள் இன்னும் வகை பிரித்து முடிக்கவில்லை. "இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வரேன் டாக்டர். அதுவரைக்கும் இழுத்துடாதீங்க."

அறைக்கு ஓடினாள். மேசையில் டப்பா இல்லை. இறந்தவரின் முள் என்று யாரோ கடலில் கொட்ட எடுத்துப் போயிருக்க வேண்டும். காந்தத்தைக் கயிறோடு எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் பறந்தாள். தம்பி போகும் படகின் சுக்கானைப் பிடிப்பவர் காலி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கொட்டிட்டேன் தாயி. செத்தவன் சொத்து. இன்னைக்குக் கை, நாளைக்கு உசுரு."

"அவரோட படகைத்தானே அண்ணே நீங்க ஓட்டுறீங்க?"

"அது... கழுவிட்டோமே!"

"எங்க கொட்டுனீங்க?"

அவர் காட்டிய இடத்தில் காந்தத்தை இறக்கினாள். இடுப்பளவு தண்ணீர், கலங்கிய சேறு. முதலில் பாட்டில் மூடி வந்தது. பிறகு ஆணி. பின்னால் ஒருவர், "இந்த மீனெல்லாம் என்ன விலைக்கா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து ஒரு முள். தலை நேராக இருந்தது. இது அல்ல. அங்கே முள்ளை இழுத்துவிடுவார்களோ? தாமதமாகிவிட்டதோ? மீண்டும் மீண்டும் இறக்கினாள். சுக்கான்காரர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்.

"கயிற இங்க குடு. நான்தான் கொட்டுனேன், எனக்குத்தான் இடம் தெரியும்."

அவர் காலால் சேற்றைக் கிளற, காந்தம் ஒரு கொத்தாக முட்களைக் கவ்வி வந்தது. சாய்ந்த தலை உள்ள ஒன்று. இன்னொன்று. இரண்டிலும் எதிர்முள் வெளிப்பக்கம்.

மருத்துவர் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசி போட்டு மரக்கச் செய்து, சதையைக் கீறி, எதிர்முள்ளை விடுவித்து எடுத்தார். எடுக்கும்வரை முள்ளக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மடக்குங்க பார்ப்போம்," என்ற குரல் கேட்டதும்தான் திரும்பினாள். பெருவிரல் நடுங்கியது, பிறகு மெல்ல மடங்கியது. முழுதாக அல்ல. ஆனால் மடங்கியது.

தம்பியின் கை இன்னும் குளிரில் விறைக்கிறது. முள்ளைச் சபித்தவர்கள், சுண்டி இழுத்ததுதான் காரணம் என்பதை மறந்துவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. இரும்புக்குக் கோபம் தெரியாது. அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது, அவ்வளவுதான். பார்த்தால் தெரியும் வடிவம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். தூக்கி எறியாதீர்கள். திறந்து பாருங்கள், எந்த வகை முள் என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். யார் கையிலாவது முள் ஏறினால் இழுக்காதீர்கள். அதே வகை முள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். போகும்போது, அந்த எந்திரத்தை ஏன் இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று உரக்கக் கேளுங்கள்.