மார்லிஸ் பொருத்திய துப்பாக்கி

டெக்சஸில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி மார்லிஸ் ஹ்ருஷ்காவுக்கு வலது தோளில் ஆபரேஷன் ஆன வருஷம், காட்டுப்பன்றிகள் அவள் மக்காச்சோளத்தைச் சூறையாடின. பழைய துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சுடலாம். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் தாழை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வலது கை எழும்பவில்லை. அதனால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைப் பாகம் பாகமாக வாங்கி, சமையலறை மேசையில் வைத்துத் தானே பொருத்தினாள். கனமில்லாத குழல், நடுத்தரத் தோட்டா.

அவள் தம்பி ஆல்வின் சிரித்தான். “பெரிய தோட்டாவா எடு அக்கா. இதை வெச்சுப் பன்னிக்குக் கிச்சுகிச்சு மூட்டப் போறியா?”

“பெருசு உதைக்கிற உதையில இந்தத் தோளும் போயிடும். அப்புறம் மாட்டுக்குத் தீனி நீ போடுவியா? இது போதும்டா.”

முதல் சாயங்காலமே பன்றிக் கூட்டம் வந்தது. முதல் குண்டு மண்ணைக் கிளப்பியது. பன்றி திரும்புவதற்குள், கண்ணை எடுக்காமலே மறுபடி சுட்டாள். பெரிய ஆண் பன்றி அப்படியே சாய்ந்தது.

“நல்லாத்தான் பொருத்தியிருக்கே,” என்றான் ஆல்வின். “சரி, இதை யாரு இழுக்கறது?”

“டாக்டர் என்னைக் கனம் தூக்கக் கூடாதுன்னிருக்காரு.”

அவன் முனகிக்கொண்டே இழுத்தான். மார்லிஸ் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, கசகசா வைத்த பன் ரொட்டியை நிதானமாகத் தின்றாள்.