மறுபடியும் அதே போல்ட்

பித்தப்பைக் கல்லை எடுத்து முடித்து மயக்கம் தெளிந்தபோது, அவள் டாக்டரிடம் முதலில் கேட்டது "வலி போயிடுமா?" என்றல்ல. "கல்லை எங்க வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டாள். கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது ஏன் ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு இருக்கு?" என்று அடுத்த கேள்வியையும் போட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் புருஷன்தான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் துருவி என்று பெயர். கார் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு வந்த பிறகு, துருப்பிடித்து ஒடிந்துபோன ஆணி, போல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தருகிறவள் என்ற அர்த்தமும் அதோடு ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், யார் முதலில் வைத்தது என்று வேண்டுமானால் விசாரிப்பாள்.

வெல்டிங்கையே அவள் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள். இரும்புக் கதவு செய்யும் கடையில் பெயின்ட் அடிக்கப் போனவள். பதில் சொல்லி மாளாத முதலாளி, "இந்தா தாயே, நீயே பத்தவெச்சுப் பாத்துக்கோ" என்று வெல்டிங் ராடைக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு கொழுந்தன் சொந்தமாகப் பட்டறை போட்டபோது, பின்பக்க மூலையை அண்ணிக்கு என்று ஒதுக்கினான். டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே நீளமாகக் கிடந்த தகரக் கொட்டகை அது. மழை பெய்தால் உள்ளே பேசுவது யார் காதிலும் விழாது. கொழுந்தனுக்கு மழைநாட்கள் பிடிக்கும்.

அன்று காலை டாக்ஸி டிரைவர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வரும்போதே தெருமுனையில் சத்தம் கேட்டது, கார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், கல் உடைக்கும் மெஷின் போல இருந்தது. டிரைவர் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்குப் பதிலாகத்தான் வண்டி பேசுகிறது என்று கொழுந்தன் சொல்வான்.

"அண்ணி, மறுபடியும் அதே வண்டி."

"அதே போல்ட்டா?"

"அதே போல்ட்."

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட் வரிசையில் கடைசியாக இருப்பது அது. தலை ஒடிந்து விழுந்துவிட்டது. உடல் மட்டும் இன்ஜினுக்குள் மாட்டிக்கொண்டு, பல் உடைந்த ஈறு மாதிரி வெளியே லேசாகத் தெரிந்தது. இந்த வண்டியில் இந்த இடத்தில் இப்படி ஒடிவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை பழைய போல்ட் என்றார்கள். இரண்டாம் தடவை மட்டமான போல்ட் என்றார்கள். இப்போது ஒடிந்திருப்பது கொழுந்தன் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட உசத்தியான போல்ட்.

"பேட்டரி வயரைக் கழட்டியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவள் குனிந்தாள்.

ஒடிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே பற்றவைத்து இரண்டையும் ஒட்டினாள். இன்ஜின் அலுமினியம், போல்ட் இரும்பு. அதனால் வெல்டிங் இரும்பை மட்டும் பிடிக்கும், அலுமினியத்தில் ஒட்டாது. சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, மெழுகுவத்தியை நட்டின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். மெழுகு உருகி இடுக்குக்குள் இறங்கியது. ஸ்பேனரை மாட்டித் திருப்பியதும் நட்டு மட்டும் கழன்று கையோடு வந்தது.

"கோவிச்சுக்குது," என்றாள்.

இரண்டாவது நட்டை வைத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினாள். இடப்பக்கம் ஒரு நூல், வலப்பக்கம் ஒரு நூல் என்று, அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல ஸ்பேனரை அசைத்தாள். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 'கீச்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்துவிட்டால் துரு பிடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு போல்ட் சமர்த்தாகச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது.

கொழுந்தன் புது போல்ட்டோடு தயாராக நின்றான். அவள் நகரவில்லை. ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றவைப்பதற்கு முன் குனிந்து பார்த்தபோதே உடைந்த முகத்தின் மேல்பக்கம் கறுத்திருந்தது. கீழே மட்டும் பிறை போல ஒரு பளபளப்பு.

"தம்பி, இது நேத்து ஒடியல. மேல்பக்கம் எப்பவோ விரிசல் விட்டுருக்கு. மிச்சம் மீதிதான் நேத்து ஒடிஞ்சிருக்கு. கீழேருந்து ஏதோ இழுக்குது."

"அண்ணி, போல்ட் வந்தாச்சு, புதுசு போட்டா வண்டி ஓடும். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க."

அவள் அதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். சைலன்சர் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை அறுந்துபோய், அந்த இடத்தில் யாரோ கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கம்பி தளர்ந்து, குழாயின் கனமெல்லாம் அந்தக் கடைசி போல்ட்டில் தொங்கியது. காரணம் கிடைத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்திருப்பார்கள். அவள் குழாயின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தாள். தேய்ந்து தட்டையாகியிருந்தது. விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. துரு என்றுதான் முதலில் நினைத்தாள். துரு இவ்வளவு சிவப்பாக இருக்காது. எச்சில் தொட்டுத் தேய்த்தால் உள்ளங்கையெல்லாம் சாயம் இறங்கியது.

"அண்ணே, வண்டி எங்க இடிக்குது?" என்று அடியிலிருந்தே டிரைவரைக் கேட்டாள்.

"ரோட்டுல பள்ளம் மேடு இருக்கும்ல... எங்கயாவது..."

"ரோடு சிவப்பாவா இருக்கு?"

டிரைவர் குனிந்து முன்டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

பட்டைக்குப் பதிலாக இரும்புத் துண்டு ஒன்றை வளைத்து வெல்டிங் வைத்து, புது போல்ட்டும் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வண்டி இப்போது பூனை மாதிரி உறுமியது. அவள் வீடும் டிரைவர் வீடு இருக்கும் திக்கில்தான். "சத்தம் சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டே வரேன்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அண்ணிக்கு மரை கழண்டுபோச்சு" என்று கொழுந்தன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. மழை இல்லாத நாள்.

குறுகலான சந்து. வரிசையாக ஒட்டினாற்போல வீடுகள். டிரைவர் வீட்டு வாசலில் மட்டும் சிவப்புச் சிமெண்டில் ஒரு சரிவு, கண்ணாடி போல மழமழவென்று, ஓரத்தில் கயிறு அழுத்திய கோடுகளோடு அழகாக இருந்தது. ஆனால் யானை முதுகு மாதிரி உயரம். அதன் மேலே, கேட்டுக்கு உள்ளே, பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவரின் மாமனார். கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர். கார் வருவதைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். டிரைவர் வண்டியை மெல்ல மேலே ஏற்றினார். முன்சக்கரம் உச்சியைத் தாண்டியதும் அடியில் 'கறக்' என்றது. அவர் முகம் சுளித்த அழகைப் பார்த்தால் குழாய் அவர் வயிற்றுக்குள் இருப்பதாகத்தான் தோன்றும்.

"இதுதானா?" என்றாள் அவள்.

"அக்கா, புண்ணியமாப் போகும், மாமாகிட்ட எதுவும் கேக்காதீங்க."

அவள் இறங்கி, நாற்காலியை நடையில் வைத்துவிட்டு நின்ற பெரியவரிடம் நேரே போனாள்.

"ஐயா, இந்தச் சரிவு நீங்க போட்டதா?"

"ஆமாம்மா. ஏன், வெடிப்பு கிடிப்பு விட்டுருக்கா?"

"இல்லீங்க, கல்லு மாதிரி இருக்கு. இரும்புதான் வெடிச்சுப்போச்சு." ஒடிந்த போல்ட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் கதையையும் சொன்னாள். பெரியவர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு போய், காருக்கு அடியில் கையை விட்டுச் சரிவின் உச்சியைத் தடவினார். அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"அடக் கடவுளே. எதிர்வீட்டுப் பசங்க சைக்கிளை ஏத்தி ஏத்திப் பேர்க்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். நானும் மாசா மாசம் பூசிக்கிட்டே இருக்கேன்." மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"பிறகு ஏன் வாயைத் தொறக்கல?"

"எப்படிச் சொல்றது? எனக்காக வெயில்ல நின்னு போட்டீங்க."

"உங்களுக்காகவா? தெருத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு போட்டேன். வண்டியை உள்ள ஏத்துங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்க ஏத்துறீங்களே, மருமகன் ஆசைப்படுறாருன்னு நான் நாற்காலியைத் தூக்கிட்டு அடுப்பங்கரையில போய் உக்காந்துக்கிறேன். அங்க ஒரே புழுக்கம்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட வந்து புலம்பினீங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினீங்க. நான் என்ன செய்ய?"

யாரும் சிரிக்கவில்லை. பெரியவருக்கு மனத்தாங்கல் என்பது முகத்திலேயே தெரிந்தது. போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்காலியை எடுக்காமலே உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்டிருக்க வேண்டாமோ என்று சந்து முடியும்வரை நினைத்தாள். சந்து முடிந்ததும், எதிர்வீட்டுப் பையன்களை அந்த மனிதர் எத்தனை தடவை திட்டியிருப்பார் என்று நினைப்பு ஓடியது.

பிறகு நடந்ததை டிரைவர்தான் வந்து சொன்னார். பெரியவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கார் தெருவிலேயே நின்றதாம். அப்புறம் ஒருநாள் காலையில் 'ணங் ணங்' என்று சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், மாமனார் உளியும் சுத்தியலுமாகச் சரிவின் உச்சியைக் கொத்திக்கொண்டிருந்தாராம். "தண்ணி வராத அளவுக்கு இருந்தாப் போதும்" என்றாராம். கார் இப்போதும் தெருவில்தான் நிற்கிறது. அது போதும் என்று இரண்டு பேரும் பேசி முடிவுசெய்தார்களாம். பேசி என்பதை டிரைவர் இரண்டு தடவை சொன்னார்.

மாசங்கள் போயும் போல்ட் ஒடியவில்லை. அந்த வண்டி வராதது அவளுக்கு ஒருவிதத்தில் ஏமாற்றம்தான்.

ஒருநாள் வண்டி வராமல் பெரியவர் மட்டும் பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்தார். அவள் வேலை செய்வதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, சிமெண்டுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி இறுக விடுவோம். இதுக்குத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"வெடிச்சிரும்னு சொல்வாங்க."

"நீ ஊத்திப் பாத்திருக்கியா?"

அவள் யோசித்தாள். எல்லோரும் சொன்னதுதான், ஊற்றிப் பார்த்ததில்லை. பழைய கம்பித் துண்டுகள் இரண்டைப் பற்றவைத்து, சூடு தணிவதற்குள் ஒரு குவளை தண்ணீரைச் சாய்த்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பெரியவர் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி போட்டார். கம்பி வளைந்தது, ஒடியவில்லை.

"சும்மா சொல்லியிருக்காங்க," என்றார் பெரியவர்.

"இருங்க. இது சாதா இரும்பு." மூலையில் கிடந்த லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டை இழுத்து, அதன்மேல் ஒரு கம்பியைப் பற்றவைத்துத் தண்ணீரைச் சாய்த்தாள். இந்தத் தடவை சுத்தியல் தேவைப்படவில்லை. ஆவிக்குள்ளிருந்து 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒட்டின இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது.

"இது மட்டும் ஏன்?" என்றார் பெரியவர்.

"தெரியலீங்க," என்றாள் அவள். எழுந்துபோய் இன்னொரு குவளை தண்ணீர் கொண்டுவந்தாள்.