அவர்கள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்

ஒரு மாணவியைத் தேடி வந்த வாய்ப்பை நான் மறைத்துவிட்டேன். அது அவளுக்குக் கிடைக்கவில்லை என்று அவளிடமே சொன்னேன். வாய்ப்பைக் கொண்டு வந்தவரிடம், பழியை அவள் வீட்டார் தலையில் கட்டினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன்... உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். என்னைப் பற்றி விசாரித்தீர்களானால் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். கண்டிப்பானவள், ஆனால் பிள்ளைகளுக்காக உயிரை விடுபவள் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

அவள் பெயர் ரிஸ்வானா. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அவள் அப்பாவுக்குத் திருவல்லிக்கேணியில் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று அளவு சொன்னால் அறுத்துக் கொடுப்பார்.

நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் ரிஸ்வானா விடையோடு காத்திருப்பாள். அதுகூடப் பெரிதில்லை. வேகமாகப் போடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இவள் கேள்வி கேட்பாள்.

"மிஸ், இந்த ஃபார்முலா எப்பவுமே வருமா? எங்கயாவது வராம போவுமா?"

எனக்குத் தெரியாது! "பாடத்துல அதெல்லாம் இல்ல, உக்காரு" என்பேன். உட்கார்ந்துவிடுவாள். அடம்பிடிக்கிற குழந்தை இல்லை அவள்.

இப்படி ஒரு குழந்தையை என்ன செய்வதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்தங்கிய பிள்ளைகளுக்காகப் பயிற்சி வகுப்புகள் வைப்பார்கள். முன்னால் ஓடுகிற பிள்ளைக்கு? 'அவ எப்படியும் தேறிடுவா.' அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

ஆனால், எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. ரிஸ்வானா மற்றப் பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்லிக் கொடுப்பாள். என் வகுப்பில் கணக்கு என்றாலே அழுகிற ஒரு கூட்டம் இருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் பொதுத் தேர்வு எழுத வேண்டும். ஒருத்திகூடத் தோற்கக் கூடாது என்பது தலைமையாசிரியையின் கட்டளை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கூட்டத்தின் நடுவில் ரிஸ்வானாவை உட்கார வைத்தேன். வாரநாட்களில் என் வகுப்பிலும், சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பிலும். "சின்ன மிஸ்" என்று பட்டம் கொடுத்தேன். அவளுக்கு அதில் பெருமைதான். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸ், அவங்களுக்கு வட்டம் முடிச்சிட்டேன். எனக்கு எதனா புதுசா குடுக்கிறீங்களா?"

"முதல்ல அவங்க எல்லாரும் பாஸாகட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை...

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு பேராசிரியை வந்தார். ஓய்வு பெற்றவர். கணக்கில் தனித் திறமை உள்ள பிள்ளைகளுக்காக அடையாறில் சனிக்கிழமைதோறும் இலவசமாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடுவார். என் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு சதுரத்தை மிச்சமில்லாம சின்னச் சின்னச் சதுரங்களா வெட்டணும். எல்லாம் ஒரே அளவா இருக்கணும்னு இல்லை. எத்தனை சதுரமா வெட்ட முடியும்? எத்தனையா வெட்டவே முடியாது?"

நானும் மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நான்கு வந்தது. ஒன்பது வந்தது. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை! தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

ரிஸ்வானா எழுந்தாள்.

"மேடம், ஒரு சதுரத்த நாலா வெட்டினா மூணு கூடுது. அப்போ ஆறு, ஏழு, எட்டு மூணும் வந்துட்டா போதும். அதுக்கு மேல எல்லாமே வரும். ஆறு வருது. ஏழு வருது. எட்டும் வருது. ரெண்டு, மூணு, அஞ்சு மட்டும் வராது... ஆனா அஞ்சு ஏன் வராதுன்னு எனக்கு ஒழுங்கா சொல்ல வரல."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணை எனக்கு அனுப்பி வையுங்கோ. சனிக்கிழமை மட்டும் போதும். அவ ஆத்துல பேசிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"கட்டாயம் பேசறேன், மேடம்" என்றேன்.

பேசவில்லை. அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சனிக்கிழமை அவள் போய்விட்டால் அந்தக் கூட்டத்தை யார் பார்ப்பது? இதுதான் காரணம் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என்னால் முடியாத கணக்கை என் கண் முன்னே அவள் போட்டுவிட்டாள்... அது மீதிப் பாதி. இந்தப் பாதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் பேராசிரியையே தொலைபேசியில் கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவா ஆத்துல அனுப்ப மாட்டா, மேடம். பொண் கொழந்தை இல்லையா... அவாள்ளாம் ரொம்பக் கட்டுப்பாடு."

பள்ளிக்கூடத்தில் நான் பேசாத என் வீட்டுத் தமிழ் அந்த நேரத்தில் எப்படி என் நாக்கில் வந்து உட்கார்ந்தது? அவரும் அதே தமிழ் பேசுகிறவர் என்பதால்தானே! அந்தத் தமிழில் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு முஸ்லிம் வீட்டைப் பற்றி அப்படிச் சொன்னால், யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அந்த வீட்டாரோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேராசிரியை பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது... எத்தனையோ பொண்கள் இப்படித்தான் போயிடறது" என்றார். "ஆமாம், மேடம்" என்றேன்.

ரிஸ்வானா சில நாட்கள் காத்திருந்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"மிஸ், அந்த மேடம் எதனா சொன்னாங்களா?"

"நிறைய ஸ்கூல் பாத்தாங்களாம்மா. வேற பிள்ளைங்கள எடுத்துட்டாங்க."

அவள் முகம் வாடவில்லை. வாடியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேனோ, என்னவோ! அவள் யோசித்தாள்.

"நான் அஞ்சு ஏன் வராதுன்னு சொல்லலல்ல மிஸ். அதான்" என்றாள். பிறகு சிறப்பு வகுப்புக்குப் போனாள்.

அடுத்த ஆண்டு என் வகுப்பில் எல்லோரும் தேறினார்கள். ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவள் ரிஸ்வானா. அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலில் சேர்ந்தாள். நான் கூப்பிட்டுக் கேட்டேன்... ஆமாம், அதைக் கேட்கிற துணிச்சல்கூட எனக்கு இருந்தது.

"மேத்ஸ் குரூப் எடுத்திருக்கலாமே?"

"வேணாம் மிஸ். அதுக்கெல்லாம் வேற மாதிரி ஆளுங்க இருக்காங்க. நமக்கு மார்க் வாங்கத்தான் வரும்."

'வேற மாதிரி ஆளுங்க.' அந்தச் சொல்லை அவளுக்குள் விதைத்தது யார்? நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

இப்போது ரிஸ்வானாவுக்கு தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை. சென்ற ஆண்டு அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். கூடவே சின்ன மகள் சபீனா. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார். கையில் பழைய கண்ணாடிக் கீறல்கள் உள்ள மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, இவளுக்கும் பெரியவ மாதிரியே கணக்கு ஓடுது. இன்னா கேட்டாலும் சொல்லுது. இதுக்குன்னு தனியா கிளாஸ் எதனா கீதா? எவ்ளோ தூரமா இருந்தாலும் பரவால்ல, கடைய மூடிட்டு நானே கூட்டினு போறேன்."

நான் சேர்க்கைப் படிவத்தைப் புரட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"பெரியவளுக்கும் அப்போ அப்படித்தான் நெனச்சேன். ஆனா இங்கேர்ந்து யாரும் ஒண்ணும் சொல்லல. டீச்சருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்னு வுட்டுட்டோம்."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். அலுவலக அறையில் அவரும் நானும் அந்தக் குழந்தையும் மட்டும்தான் இருந்தோம். "விசாரிச்சுச் சொல்றேன், பாய்" என்றேன்.

அன்று மாலையே பேராசிரியைக்குத் தொலைபேசி செய்தேன். மிகவும் வயதாகிவிட்டது அவருக்கு. வகுப்பு இன்னும் நடக்கிறதாம். ரிஸ்வானாவை மறக்கவில்லை அவர்!

"அந்தச் சதுரம் வெட்டின பொண்ணோட தங்கையா? அவா ஆத்துல இப்போ விடறாளா?"

உண்மையைச் சொல்ல அவரே கதவைத் திறந்து விட்டிருந்தார். நான் சொன்னது இது:

"ஆமாம், மேடம். இப்போ மாறிட்டா."

கேட்டீர்களா? மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், அந்த மனிதர்மேல் இரண்டாவது முறையும் பழி போட்டேன். முதல் முறை எனக்கு அனுபவம் போதாது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை என்ன சொல்லிக்கொள்வது?

சபீனா அடையாறுக்குப் போகிறாள். சனிக்கிழமை காலையில் அப்பா கடையை மூடிவிட்டு அழைத்துப் போகிறார். இதனால் எனக்கு மனம் ஆறியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குழந்தைக்குக் கொடுத்தது இன்னொரு குழந்தையிடம் பிடுங்கியதை ஈடு செய்யாது. கணக்கு ஆசிரியைக்கு இது தெரியாதா?

போன மாதம் ரிஸ்வானா என்னைப் பார்க்க வந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய இனிப்பு.

"தேங்க்ஸ் மிஸ். நீங்க சொன்னதாலதான் சபீனாவுக்கு அந்த கிளாஸ் கெடச்சது. அங்க அவதான் ரொம்ப நல்லா பண்றான்னு சொல்றாங்களாம்!"

"நல்லது, ரிஸ்வானா."

"அவளாவது செலக்ட் ஆயிட்டா மிஸ்" என்று சிரித்தாள். "எனக்குத்தான் அவ்ளோ மூளை இல்ல."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன், நம்புங்கள்...

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.